மூன்றாவது பாட்டில்

பன்றிப் பண்ணைக்குள் ஓடிய ஒரு ஆளைச் சேற்றில் புரண்டு துரத்திப் பிடித்து, அந்த வாசத்தோடு தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போ வரைக்கும் காடி ஓட்டி வந்தவனிடம், "இந்த ஆள் சரிப்பட மாட்டான்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவன் மனசு என்ன பாடுபடும்? கஸ்பாரின் மனசு அந்தப் பாடுதான் பட்டுக்கொண்டிருந்தது. துப்பறியும் முத்தம்மாவுக்கு உதவியாளன், டிரைவர், காவல்காரன், ரசிகன் எல்லாம் அவன் ஒருவன்தான். சம்பளமும் ஒருவனுக்கு உரியதுதான்.

டாக்டர் எல்ஸி ஒரு வெள்ளைப் பீங்கான் தகட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். ஊசிக்குப் பயந்து பண்ணைக்குள் ஓடிப் பிடிபட்ட பத்துமலையின் ரத்தத்தையும் அவன் அக்கா வீரம்மாவின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரையும் அதில் கலந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து திரிந்துபோன பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றன. ரத்தத்தைக் கண்டால் கஸ்பாருக்குக் கண் இருட்டும். அதனால் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடியே புரிந்தது புரிந்தது என்று தலையாட்டினான்.

வீரம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அடைத்து, மண்ணீரல் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, உணவுக்குழாயில் புடைத்த நரம்பு வெடித்து, ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, உள்ளே பலூனை ஊதி, வெடித்த இடத்தை அமுக்கி வைத்திருந்தார்கள். பலூன் சாயங்காலத்துக்கு மேல் இருந்தால் உணவுக்குழாய் அழுகிவிடும். எடுத்தால் ரத்தம் மறுபடி கொட்டும். ஆகவே எடுக்கிற கையோடு வயிற்றைத் திறந்து, மண்ணீரலை அகற்றி, நரம்புகளைக் கட்டிவிட வேண்டும் என்றார் டாக்டர்.

சிக்கல் அங்கேதான். வீரம்மாவின் ரத்தம் பம்பாய் வகை. மேலோட்டமாகப் பார்த்தால் 'ஓ' வகை என்று சத்தியம் பண்ணும், ஆனால் நிஜமான 'ஓ' ரத்தத்தை ஏற்றினால் ஆளையே கொன்றுவிடும். ஆயிரக்கணக்கான பேரைச் சலித்தாலும் அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். கோலாலம்பூரிலிருந்து இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்து இரண்டு பாட்டில் அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டு பாட்டில வச்சுக்கிட்டு இந்த வயித்தத் தொறந்தா எம் பேரு டாக்டர் இல்ல, கசாப்புக்காரி," என்றார் எல்ஸி. "மூணாவது வேணும். கூடப்பொறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குத்தான் ஒத்துப்போகும். இருந்தது ஒரே தம்பி. அவனும் போயிட்டான்."

"போகல டாக்டர். கேண்டின்ல மீ கோரேங் சாப்பிடுறான்," என்றான் கஸ்பார்.

டாக்டர் சிரிக்கவில்லை. முத்தம்மா அவன் கால் கட்டை விரலைத் தன் குடை நுனியால் மிதமாக அழுத்தினாள். முன்னாள் பெண் போலீஸ், பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் பிறந்தவள், கையில் எப்போதும் பாசார் கூடையும் குடையும் இருக்கும். அவள் யோசிக்கும்போது பேசமாட்டாள். அந்த நேரத்தில் மற்றவர்கள் பேசுவதும் பிடிக்காது.

தாழ்வாரத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"காலையில கெழவி உள்ள போயி மகள் கால தடவிச்சே, என்ன சொல்லிக் கூப்பிட்டுச்சு? நீதான் கிட்ட நின்ன."

கஸ்பார் நினைவைக் கிளறினான். "நடுவுள்ளவளே, கண்ணத் தொறந்து பாரு லா, அப்படின்னுச்சு."

"மொத்தம் எத்தன பிள்ளைன்னுச்சு?"

"ரெண்டு. வீரம்மா, பத்துமலை."

"ரெண்டு பிள்ளைல நடு எதுடா?"

கஸ்பார் விரலை மடக்கிப் பார்த்தான். இரண்டு விரலுக்கு நடுவில் வெறும் இடைவெளிதான் இருந்தது. இத்தனை நேரம் இதை வாயில் வைத்துக்கொண்டா டாக்டரிடம் மீ கோரேங் கதை பேசினோம் என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் கிடந்த பெஞ்சில் வீரம்மாவின் தாய் செல்லாயி உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் கறை, முழங்காலைக் கட்டிக்கொண்ட கை. முத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வீரம்மாவுக்கு மூத்தது ஒன்று உண்டா என்று பட்டென்று கேட்டாள். கிழவி கூரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், யாரோ ஒட்டுக் கேட்பதைப்போல ஜன்னலையும் பார்த்தாள். எனக்கு ரெண்டுதான் என்றாள். முத்தம்மா மறுபடி கேட்டதற்கும் அதே பதில்தான், ஆனால் இந்த முறை கண்ணில் நீர் தளும்பியது.

இப்போது முத்தம்மாவுக்கு விளங்கிவிட்டது. டவுனில் பிறந்து, தேவாலயத்துப் பள்ளியில் படித்த கஸ்பாருக்குத்தான் விளங்கவில்லை. அவனை ஓரமாக இழுத்துப் போய் விளக்கினாள். பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்துக்கொண்டே இருந்தால், அடுத்ததற்கு மூக்கைக் குத்தி, குப்பையில் புரட்டி, ஒரு பிடி தவிட்டுக்கு அடுத்த வீட்டில் விற்றுவிடுவார்கள். பெற்றவள் அந்தத் தவிட்டைத் தின்றுவிட வேண்டும். எமன் வந்து கேட்டால், இங்கே அப்படி ஒரு பிள்ளை இல்லை, தவிட்டை வேண்டுமானால் பார்த்துக்கொள் என்பது கணக்கு. வழக்கமாகப் பேருக்கு விற்றுவிட்டு வீட்டில் வைத்தே வளர்ப்பார்கள். இவள் நிஜமாகவே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. இப்போது என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொன்னால் எமனுக்கு முகவரி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"அப்ப சொன்னா மூத்தது போயிடும், சொல்லலன்னா மக போயிடுவா," என்றான் கஸ்பார். கிண்டல் பண்ண ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

முத்தம்மா திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த முறை கேள்வியை மாற்றிப் போட்டாள்.

"ஆரு பிள்ள, ஆருக்குக் குடுத்தீங்க, ஒண்ணும் கேக்கல. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். விக்கிற பிள்ளைய எந்த மாதிரி வீடு பாத்து விக்கணும்?"

செல்லாயி வெகுநேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சுவரிடம் சொல்வதைப்போலச் சொன்னாள்.

"எமன் வந்தாலும் வாசல்ல மரியாதையா நின்னுட்டுப் போற வீடா பாக்கணும்."

முத்தம்மாவும் கஸ்பாரும் கேண்டினுக்கு நடந்தார்கள்.

"போலீஸ் ஸ்டேஷனா அக்கா?"

"எமன் என்னைக்குடா போலீசுக்கு மரியாத குடுத்தான்? என்கூட வேல செஞ்சவங்க பாதிப் பேரு இல்ல."

"அப்ப கோயில் பூசாரி வீடு."

"பூசாரி வீட்ல சாவு விழுறதில்லையா?" முத்தம்மா நின்றாள். "நீ கோழி வாங்குற கடைக்காரன்கிட்ட சண்ட போடுவியா?"

"எதுக்கு? அவன் எனக்குன்னு கால் துண்டு எடுத்து வைப்பான்."

"அதுதான். எமனுக்குச் சாமான் செஞ்சு குடுக்குறவன் வீட்ல எமன் வாலாட்ட மாட்டான். வீரம்மாவுக்கு மூத்ததுன்னா அது ஜப்பான்காரன் காலத்துப் பிள்ள."

மீ கோரேங்கின் கடைசி இழையை உறிஞ்சிக்கொண்டிருந்த பத்துமலையிடம், ஜப்பான்காரன் காலத்தில் உங்கள் தோட்டத்தில் சவப்பெட்டி செய்தது யார் என்று முத்தம்மா கேட்டாள். பத்துமலை அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறான். அடுத்த லயத்தில் வேதக்கார தச்சர் ஒருவர் இருந்தாராம், பாய் சுற்றிப் புதைத்த அந்த நாளிலும் கிடைத்த பலகையில் பெட்டி அடித்துக் கொடுப்பாராம். சண்டை முடிந்ததும் கோலா கங்சாருக்குப் போய்ச் சவப்பெட்டிக் கடையே போட்டுவிட்டாராம். சொல்லிவிட்டு, இதையெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள் என்று பயந்துபோய் எழுந்து நின்றான். அக்காவுக்குப் பெட்டி பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் பாவம்.

கஸ்பாரின் டட்சன் செம்மோரைத் தாண்டி, சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் பறந்தது. பறந்தது என்பது கஸ்பாரின் கணக்கு. ஒரு டிம்பர் லாரி, இரண்டு சைக்கிள்கள், ஒரு பிண வண்டி எல்லாம் அவர்களை முந்திக்கொண்டு போயின. பின்னால் கனம் அதிகம் என்று அவன் சாக்குச் சொன்னான். வீட்டுக் கோழிகளுக்கு வாங்கிய டெடாக் மூட்டை நேற்றிலிருந்து பின்பெட்டியிலேயே கிடக்கிறது, இறக்கி வைக்க நேரமில்லாமல் அவனைத் தஞ்சோங் மாலிமுக்கு விரட்டிவிட்டாள் முத்தம்மா. அங்கே கோழிகள் பட்டினி, இங்கே தவிட்டு மூட்டை ஊர் சுற்றிப் பார்க்கிறது என்று சுங்கை சிப்புட் வரைக்கும் புலம்பினான். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்கள் இருபக்கமும் ஓடின. முத்தம்மா புலம்பலைக் காதில் வாங்காமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெட்டிக் கடையைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. கோலா கங்சார் பாசாருக்குப் பின்னால் ஒன்றுதான் இருந்தது. பழைய தச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மகன் செபாஸ்டியன்தான் இப்போது நடத்துகிறார் என்று பக்கத்துக் கோப்பிக் கடைக்காரர் சொன்னார். நாற்பது வயது ஆள், அடர்ந்த மீசை, ஒரு மூடியை இழைத்துக்கொண்டிருந்தார். அளவு என்ன, எப்போது வேண்டும் என்று தலை நிமிராமல் கேட்டார்.

"பெட்டி வேணாம் அண்ணே," என்றான் கஸ்பார். "உங்க ரத்தம்தான் வேணும்."

செபாஸ்டியன் உளியைக் கையில் எடுத்தார். பாலம் கட்டுகிற இடத்தில் தூண் நிற்பதற்கு மனுஷத் தலை கேட்கிறார்கள், காடியில் வந்து ஆள் பிடிக்கிறார்கள் என்று பேராக் முழுக்க வதந்தி உலவிய நேரம் அது. முன்பின் தெரியாத இரண்டு பேர் டட்சனில் வந்திறங்கி ரத்தம் கேட்டால் யார் என்ன நினைப்பார்கள்? கஸ்பார் சட்டென்று ஒரு புதுப் பெட்டியின் பின்னால் பதுங்கினான். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் போதுமான இடம் அங்கே இருந்தது.

முத்தம்மா மட்டும் அசையவில்லை. அவள் செபாஸ்டியனின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது மூக்கில், மீசைக்கு மேலே, அம்மைத் தழும்பு போல ஒரு சின்னக் குழி.

"மூக்குல அது என்ன தம்பி?"

எதிர்பாராத கேள்வி. உளி கொஞ்சம் தாழ்ந்தது. "சின்னதுல ஆணி குத்திருச்சுன்னு அப்பா சொன்னாரு."

"தச்சர் வீட்டு ஆணிக்குக்கூட மூக்குத்தி போடுற எடம் தெரிஞ்சிருக்கு."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சு வேலை எதுவுமில்லாமல், ஒரு புகாரைப் பதிவு செய்வதைப்போலச் சொன்னாள். செத்துப்போன பிள்ளைகள், தவிடு, ஈப்போவில் மூக்கில் குழாயோடு கிடக்கிற தங்கை, சாயங்காலம் வரைக்கும்தான் நேரம். செபாஸ்டியன் தான் செய்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா செத்து ஆறு வருசம் ஆச்சு. இங்கதான், சர்ச் கல்லறையில," என்றார். குரலில் கோபம் இருந்தது. "நீங்க சொல்றவங்க பெத்தவங்கன்னா ஒரு தடவையாச்சும் வந்து பாத்திருக்க மாட்டாங்களா? பஸ்ஸுல ஏறினா வந்துரலாமே லா."

"வந்திருப்பாங்க," என்றாள் முத்தம்மா. "நல்லா யோசிங்க. பெட்டி வாங்காம இந்தக் கடைக்கு வந்து போற பொம்பள ஆரும் இல்லையா?"

"பெட்டிக் கடைக்கு ஆரு சும்மா வருவாங்க?" என்றவர் நிறுத்தினார். "சீவல் வாங்க ஒரு அம்மா வரும். எங்கப்பா காலத்துல இருந்து வருது. அடுப்பு பத்த வைக்க மரச்சீவல் கேக்கும். நாந்தான் சாக்குல அள்ளிப் போட்டுக் குடுப்பேன். வாங்கிட்டு அங்க எதிர்ல, அந்த மரத்தடியில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகும்."

"எங்க இருந்து வருதாம்?"

"தோட்டத்துல இருந்து," என்றார் செபாஸ்டியன். சொன்ன பிறகு அவருக்கே கேட்டது.

பெட்டிக்குப் பின்னாலிருந்து கஸ்பார் மெல்ல எழுந்தான். ரப்பர் தோட்டத்தில் காலை வைத்த இடமெல்லாம் காய்ந்த கட்டை கிடக்கும், விறகுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்து ஒரு மூட்டை சீவலைச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள், வருஷக்கணக்காக. கஸ்பார் தன் சட்டையில் ஒட்டிய சீவல் ஒன்றை எடுத்து, எறியாமல் பையில் போட்டுக்கொண்டான்.

செபாஸ்டியன் கதவைப் பூட்டினார். டட்சனில் ஏறி உட்கார்ந்தார். திரும்பி வரும் வழியில் டட்சன் ஒரு டிம்பர் லாரியையே முந்தியது.

இந்த முறை டாக்டர் எல்ஸி வெள்ளைப் பீங்கான் தகட்டை நீட்டியபோது கஸ்பார் நேராகவே பார்த்தான். கட்டியில்லை, திரிதலில்லை, சிவப்புச் சாயம் கரைத்த மாதிரி ஒரே சீராகப் பரவி நின்றது. ஒத்துப்போகிறது என்று டாக்டர் சொன்னதும் சந்தோஷத்தில் நிமிர்ந்தவனுக்கு, அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ரத்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி அவனுக்கு மைலோ கொண்டுவந்து கொடுத்தாள். ரத்தம் கொடுக்கப் போகிறவருக்கு என்று கலக்கிய மைலோ அது.

மூன்றாவது பாட்டில் நிறைந்தது. கையில் பஞ்சு ஒட்டியபடி செபாஸ்டியன் தாழ்வாரத்துக்கு வந்தார். செல்லாயி பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஒரே ஒரு கணம் அவள் பார்வை அந்த மூக்கில் போய் நின்றது. உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விஷயம் தெரிந்துவிட்டிருந்த பத்துமலை, அம்மா இது அண்ணன் என்று தொடங்கினான்.

"ஆரோ. எனக்குத் தெரியாது," என்றாள் கிழவி சுவரிடம்.

கஸ்பாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வந்து, ரத்தத்தையும் கொடுத்த மனிதனுக்கு இதுதானா மரியாதை? வாயைத் திறக்கப் போனான். குடை நுனி மறுபடி அவன் கால் விரலைத் தேடி வந்தது.

செபாஸ்டியன் கிழவியின் முதுகைப் பார்த்து நின்றார். "தெரிய வேணாம்மா," என்றார் மெதுவாக. "தேக்குச் சீவல் ஒரு மூட்ட எடுத்து வச்சிருக்கேன். வழக்கம்போல வந்து எடுத்துக்கங்க."

கிழவியின் தோள் குலுங்கியது. திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. வீரம்மாவைத் தள்ளுவண்டியில் வைத்து ஆப்பரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாய், மெழுகாய் வெளுத்த முகம், தலைமாட்டில் டாக்டர் எல்ஸி. சுவரை விட்டுத் திரும்பிய செல்லாயி ஓடி வந்து வண்டியை மறித்தாள்.

"தவிடு இருக்கா?" என்று கேட்டாள்.

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மிஸ்ஸிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியை விடுங்கள் என்றார் டாக்டர். முத்தம்மா மட்டும் கஸ்பார் பக்கம் திரும்பினாள்.

"கோழித் தீனிய எடுத்துட்டு வாடா. ஓடு."

கஸ்பார் ஓடினான். பன்றிப் பண்ணைச் சேற்றில் துரத்தியபோதுகூட அவன் அப்படி ஓடியதில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி முழுக்கத் தவிடு சிந்த, மூச்சிரைக்க வந்து நின்றான்.

செல்லாயி டாக்டருக்கு முன்னால் முந்தானையை விரித்தாள்.

"இவ எனக்கு வேணாம். நீங்க வாங்கிக்கங்க டாக்டரம்மா. ஒரு பிடி தவிடு குடுத்தாப் போதும்."

நோயாளிகள் கட்டிவரும் தாயத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடுகிறவர் எல்ஸி. கத்தப் போகிறார் என்று கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது டாக்டரின் கை மூட்டைக்குள் இருந்தது. ஒரு பிடி அள்ளி, சிந்தாமல் கிழவியின் முந்தானையில் போட்டார்.

"வாங்கிட்டேன்," என்றார். "இனிமே எம் பிள்ள. வழிய விடுங்க, எம் பிள்ளய உள்ள கொண்டு போகணும். ஆரு இந்த மூட்டைய இங்க வச்சது? நான் முதல்ல இருந்து கை கழுவணும் இப்ப."

கதவு மூடியது.

செல்லாயி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்த தவிட்டை ஒவ்வொரு சிட்டிகையாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். கோழி தின்கிறதைப் போய் என்று கஸ்பார் ஆரம்பித்தான், அவளுடைய முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். செபாஸ்டியன் கோலா கங்சார் பஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. இருவருக்கும் நடுவில் பத்துமலை, தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

பொழுது சாயும் நேரத்தில் கதவு திறந்தது. ஒரு மிஸ்ஸி தலையை நீட்டி, வீரம்மாவோட அம்மா யாரு என்று கேட்டாள். கிழவி அசையவில்லை. பின்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்த டாக்டரை நோக்கி விரலை நீட்டினாள்.

"ஆமா, நாந்தான்," என்றார் எல்ஸி. முகம் களைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மண்ணீரல் வெளியில வந்துருச்சு. ரத்தம் நின்னுருச்சு. மூணாவது பாட்டில் இல்லன்னா பாதியிலேயே போயிருப்பா. இன்னும் ரெண்டு நாளு கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுட்டுப் பாக்கணும், ஆனா எம் பிள்ள பொழச்சுக்குவா."

முத்தம்மா குடையை ஊன்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் அழுகிறாளா என்று பார்க்கக் கஸ்பாருக்கு ஆசைதான், கால் விரலை நினைத்து விட்டுவிட்டான்.

டாக்டர் கிழவி பக்கம் திரும்பினார்.

"சொந்தக்காரங்கன்னு வெளியில ஆரும் இல்ல போல. பக்கத்து வீட்டுக்காரங்க ஆராச்சும் இருந்தா ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போலாம்."

செல்லாயி எழுந்தாள். முந்தானையை உதறினாள். பெஞ்சின் மறுமுனைக்குப் போய், குனிந்து உட்கார்ந்திருந்த செபாஸ்டியனின் மணிக்கட்டை, பஞ்சு ஒட்டிய இடத்துக்குக் கீழே, இறுக்கிப் பிடித்து எழுப்பினாள்.

"நாங்க பக்கத்து வீடு," என்றாள்.